கடைசி மூன்று நிமிடம் பார்க்காதவன்

எழுதி வந்த தாளை ஒரு முறைகூடப் புரட்டாமல் தலைமையுரை ஆற்றி அமர்ந்திருக்கும், நம் வைகறை நகர் குடியிருப்போர் நலச்சங்கத் தலைவர் ஜீவரத்தினம் அம்மையார் அவர்களே! கூட்டம் முடிந்தால் சாப்பாடு உண்டா என்று கேட்கக் கூச்சப்பட்டு, அதற்காகவே முன்வரிசையைப் பிடித்திருக்கும் என் வயதுப் பெரியோர்களே! ஏழரை மணித் தொடரைத் தியாகம் செய்துவிட்டு இங்கே திரண்டிருக்கும் தாய்மார்களே! தியாகமா? அந்தப் புடவைத் தலைப்புக்குள் வெளிச்சம் தெரிகிறதே அம்மா? ஓ, சத்தத்தை மட்டும் தியாகம் செய்திருக்கிறீர்கள். அதுவும் தியாகம்தான், வாழ்க!

சிறுசேரியில் புறப்பட்டு, சிக்னல் சிக்னலாகச் சிந்தித்துச் சிந்தித்துச் சேலையூர் வந்து சேர்ந்திருக்கும் கணினி இளைஞர்களே! ஒலிபெருக்கிக்கு உயிர் கொடுத்துக்கொண்டிருக்கும் குமரேசன் அவர்களே! பம்மலிலிருந்து வந்து, நேற்று நம் வீட்டுக்குள் கேபிளை இழுத்து, இன்று இணையத்தை இழுத்து, நம்மையெல்லாம் இழுத்த இழுப்புக்கு ஆட்டி வைக்கும் கடைசி வரிசை ஜெரோம் அவர்களே! மூன்றாம் வரிசையில் என்னைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கும் என் துணைவியார் சாவித்ரி அவர்களே! அவருக்கு நான்கு நாற்காலி தள்ளி அமர்ந்திருக்கும் என் மகன் கிரீஷ், என் மருமகள் ஸஹானா! அனைவருக்கும் இந்தப் பட்டாபிராமனின் பணிவான வணக்கம்.

எனக்குத் தந்திருக்கும் தலைப்பு, 'பார்க்கத் தகுந்த தொலைக்காட்சித் தொடர்கள்'. பத்துப் பெயரை எழுதி எடுத்து வந்திருக்கிறேன், சட்டைப்பையில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் அன்பர்களே, இன்று நான் பேசப்போவது அந்த நான்கு நாற்காலிகளைப் பற்றி.

முதலில் நாம் எப்படிப் பார்க்கிறோம்? தொடரைப் பார்க்கிறோமா, துரத்துகிறோமா? தொடக்கப் பாட்டு வந்தால் தாண்டு என்கிறோம். காதல் வந்தால் தள்ளு என்கிறோம். அழுகை வந்தால் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டு என்கிறோம். ஒன்றரை மடங்கு வேகத்தில் ஒரு தாய் அழுவதைக் கேட்டிருக்கிறீர்களா? பிரஷர் குக்கர் தோற்றுப்போகும்! எட்டு மணி நேரத் தொடரை ஐந்து மணியில் முடித்துவிட்டு, மிச்சமான மூன்று மணி நேரத்தில் என்ன செய்கிறோம்? அடுத்து எதைப் பார்ப்பது என்று தேடுகிறோம். தேடுகிறோம், தேடுகிறோம், தேடித் தேடித் தூங்கிப்போகிறோம்.

என் வீட்டு நிலவரத்தைச் சொல்கிறேன். கூடத்தில் தொலைக்காட்சி, அது துணைவியாருக்கு. அறையில் மடிக்கணினி, அது மகனுக்கு. மருமகளிடம் சிலேட்டு அளவில் ஒரு திரை. எனக்குக் கைப்பேசி. சந்தா ஒன்று, திரை நான்கு. திறந்தால் ஆளுக்கொன்றாக நான்கு வட்டம், நான்கு பெயர். யார் எங்கே விட்டாரோ, அவர் வட்டம் அங்கிருந்து ஓடும். சாவித்ரி, கிரீஷ், ஸஹானா, அப்பா. எனக்குப் பெயர்கூட வைக்கவில்லை, உறவுமுறைதான். நாலு பேரும் ஒரே தொடரைப் பார்த்தாலும் நாலு பேரும் நாலு இடத்தில் நிற்போம். சாப்பாட்டு மேசையில் வாயைத் திறந்தால், "அப்பா, சொல்லாதீங்கோ! நான் இன்னும் மூணாவது எபிசோடு!" என்று மகன் காதைப் பொத்திக்கொள்வான். முப்பத்திரண்டு வருடம் தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்தவன் நான். ஊரார் பேச்சையெல்லாம் இணைத்துவைத்தேன். என் வீட்டில் ரசம் வேண்டுமா என்று கேட்பதோடு பேச்சு முடிந்தது.

என்ன ஜெரோம்? "இன்னா சார், நேரா மேட்டருக்கு வா சார்" என்கிறீர்களா? வருகிறேன். வராமல் எங்கே போவேன்? நீங்கள்தான் ஆதாரத்தோடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறீர்களே!

'மூன்றாம் மதகு' என்று ஒரு தொடர். ஏரி மதகில் ஒரு பிணம், ஊரெல்லாம் சந்தேகம், மொத்தம் எட்டு எபிசோடு. வாழ்க்கையில் முதல் முறையாக நானும் துணைவியாரும் ஒரே சோபாவில், ஒரே திரையில், ஒரே தொடரைப் பார்த்தோம். நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம், பேசிப் பேசிப் பார்த்தோம். அவர் பஞ்சாயத்து எழுத்தர்தான் கொலைகாரன் என்றார். நான் படகுக்காரன் என்றேன். வெந்தயக்குழம்பு கொதிக்கும்போதுகூட அடுக்களையிலிருந்து, "ஏன்னா, அந்த எழுத்தருக்கு ரெண்டு செருப்பு ஏன்?" என்று குரல் வரும். சொன்னால் சிரிப்பீர்கள், அந்தப் பத்து நாளும் நான் புது மாப்பிள்ளையாகத்தான் திரிந்தேன்.

ஆறாவது எபிசோடு முடிந்தது. மறுநாள் எனக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை. மூன்று வாரம் திரையைப் பார்க்கக் கூடாது என்றார் மருத்துவர். என் துணைவியார் என்ன செய்தார் தெரியுமா? தங்கை போனில் கதை சொல்ல வந்தாள், வைத்துவிட்டார். பக்கத்து வீட்டு கோகிலவாணி, "முடிவு பிரமாதம் மாமி" என்று ஆரம்பித்தார், பால் பொங்குகிறது என்று இவர் ஓடிவந்தார். மூன்று வாரம், ரிமோட் கையில், இணையம் வீட்டில், ஏழாவது எபிசோடு திரையில். தொடவில்லை! எனக்காகத் தொடவில்லை. ஆறு நிமிடம் காத்திருக்க முடியாமல் ஆப்பம் வேறு கடையில் வாங்கும் இந்தக் காலத்தில், ஒருவர் இன்னொருவருக்காக இருபத்தொரு நாள் ஒரு கொலைகாரனைக் காக்க வைத்தார். கைதட்டுங்கள்! எனக்கில்லை, மூன்றாம் வரிசைக்கு!

திங்கட்கிழமை மருத்துவர், இனிப் பார்க்கலாம் என்றார். துணைவியார் காலண்டரைப் பார்த்தார். "வெள்ளிக்கிழமை பாக்கலாம்னா, அன்னைக்குத்தான் நாள் நன்னா இருக்கு" என்றார். கொலையைக் கண்டுபிடிக்க நல்ல நாள் பார்த்த ஒரே குடும்பம் எங்கள் குடும்பம்தான்.

பொறுத்தேனா? பொறுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலை நடைப்பயிற்சி என்று சொல்லிக் கிளம்பினேன். இதோ, இந்த மேடைக்குப் பின்னால் ஒரு சிமெண்ட் பெஞ்சு இருக்கிறதே, அதுவரை நடந்தேன். கைப்பேசியைத் திறந்தேன், முதலில் தெரிந்த வட்டத்தை அழுத்தினேன். அது துணைவியாரின் வட்டம். ஏழாவது எபிசோடு ஓடியது. புதன்கிழமையும் நடந்தேன், எட்டாவதும் ஓடியது. "ரெண்டு நாளா நன்னா நடக்கறேளே" என்று வீட்டில் எனக்கு இரண்டு தோசை கூடுதல். வெட்கமில்லாமல் தின்றேன்!

புதன்கிழமை, இன்னும் மூன்று நிமிடம்தான். கதவு திறக்கப்போகிறது, கொலைகாரன் தெரியப்போகிறான். அப்போது ஒரு நிழல். நிமிர்ந்தால், நம் தலைவர் அம்மா! "சார், ஆண்டு விழாவில் பார்க்கத் தகுந்த தொடர்களைப் பற்றி நீங்கள் பேச வேண்டும்" என்றார். சிரிக்கிறார் பாருங்கள், நினைவு வந்துவிட்டது. நான் போனைச் சட்டைப்பையில் போட்டேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. விளக்கேற்றினார். முறுக்கு வைத்தார். என் பக்கத்தில் அமர்ந்தார், தன் வட்டத்தை அழுத்தினார். அது ஏழாவது எபிசோட்டில் தொடங்கவில்லை அன்பர்களே! நான் விட்ட இடத்தில் தொடங்கியது. கதவு திறந்தது, விலங்கு மாட்டிய கை தெரிந்தது. முகம் வருவதற்குள் நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் கொலைகாரனைப் பார்த்துவிட்டார். இருபத்தொரு நாள் காத்தது பத்து நொடியில் போயிற்று.

"யார் என் பேர்ல பாத்தது?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கேட்டுவிட்டு முறுக்குத் தட்டை மூடி வைத்தார்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? நான்தான் என்று ஒரே ஒரு சொல். வைகறை நகரே, வாய்க்கு வாய் வள்ளல் என்று நீங்கள் புகழும் இந்த வாய் என்ன சொன்னது தெரியுமா? "எனக்கென்ன தெரியும்? பகல்ல வீட்ல இருக்கறவாளைக் கேளு" என்றது. பகலில் வீட்டில் இருப்பது யார்? வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் என் மருமகள். நான் பெயர் சொல்லவில்லை. பொய்யும் சொல்லவில்லை. அதுதான் அன்பர்களே, அயோக்கியத்தனத்திலேயே உயர்ந்த ரகம்!

துணைவியார் கேட்டார். "இல்லம்மா, நான் பாக்கலை" என்றாள் ஸஹானா. அந்த 'இல்லை'யை இவர் நம்பவில்லை. மறுநாள் தன் வட்டத்துக்கு நான்கு இலக்கப் பூட்டுப் போட்டார். அறைக்கே தாழ்ப்பாள் போடாத வீட்டில் ஒரு பூட்டு! ஸஹானா தனிச் சந்தா எடுத்தாள். பிறகு சாப்பாட்டைத் தட்டில் வாங்கிக்கொண்டு அறைக்குப் போனாள். பிறகு கிரீஷ், "ஆபீஸ் பக்கத்துலயே ஒரு ஃப்ளாட் இருக்குப்பா" என்றான். தனித் திரை, தனிச் சந்தா, தனிச் சாப்பாடு, தனிக்குடித்தனம்! நாளை ஞாயிற்றுக்கிழமை, சாவி வாங்கப் போகிறார்கள். உண்மையில் பார்த்தது யார் என்று யாருக்காவது தெரியுமா? என் பெஞ்சுக்குத் தெரியும். இதோ, ஜெரோமுக்குத் தெரியும்.

பூட்டுப் போட்ட அன்று, இணையத்தில் கோளாறு என்று துணைவியார் இவரை அழைத்தார். இவர் எதையோ திறந்தார், எந்தக் கருவியில் எப்போது ஓடியது என்ற பட்டியல் வந்தது. வந்த வேகத்தில் மூடினார். வாசலில் என்னை ஓரங்கட்டி, "சார், உன் போன்ல தான் ஓடிகீது. அக்காவாண்ட நான் சொல்ல மாட்டேன். ஆனா நீ சொல்லிடு சார். அந்தப் பொண்ணு மூஞ்சியே பேஜாராகீது" என்றார். வாராவாரம் போன் செய்வார். "சொல்டியா சார்?" என்று கேட்பார். "இன்று சொல்கிறேன்" என்பேன். நேற்று இவர் ஒன்று சொன்னார். "சார், மேடையில பேசுற ஆளு நீ, வூட்டுல பேச மாட்டேன்றியே!" என்றார். அது தைத்தது. ஆகவே, மேடையிலேயே பேசுகிறேன்.

ஸஹானா! நான்தான் பார்த்தேன். பழியை உன் பக்கம் தள்ளியதும் நான்தான். முந்நூறு பேர் கேட்கச் சொல்கிறேன், நீ செய்யாத தப்புக்கு ஒரு மாதம் அறைக்குள் சாப்பிட்டாய். எனக்கு அவமானமாக இருக்கிறது அம்மா. மன்னித்துவிடு.

என்ன? சற்று உரக்கச் சொல்லம்மா. "எனக்கு அன்னைக்கே தெரியும்பா. அந்த லிஸ்ட் என் போனுக்கும் வரும்" என்கிறாள். அன்றைக்கேவா? பிறகு ஏன் வாய் திறக்கவில்லை? "நீங்களா சொல்லுவேள்னு பாத்தேன்" என்கிறாள்.

குமரேசன், தண்ணீர் இருக்கிறதா?

அன்பர்களே, இந்தப் பெண் ஒரு மாதமாகப் பார்த்த தொடர் நான்தான். எந்த இடத்தையும் தாண்டவில்லை, வேகத்தைக் கூட்டவில்லை. இந்தக் கிழவன் இன்று சொல்வான், நாளை சொல்வான் என்று ஒவ்வொரு வேளையும் பார்த்திருக்கிறாள். நான் என்ன பார்க்கத் தகுந்த தொடரா?

தலைப்புக்கு வந்துவிட்டேன். பார்க்கத் தகுந்த தொடர் எது? விருது வாங்கியதா? வெளிநாட்டில் எடுத்ததா? வசனத்தைக் கீழே எழுதிக் காட்டுவதா? அதுவல்ல! எதைப் பார்க்க நீங்கள் இன்னொருவருக்காகக் காத்திருக்கிறீர்களோ, அது! எதைப் பார்த்தபின் எழுத்தரா படகுக்காரனா என்று குழம்பு கொதிக்கக் கொதிக்கச் சண்டை போடுகிறீர்களோ, அது! மூன்று மணி நேரம் விடாமல் பார்த்தால், இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா என்று இயந்திரம்கூட நின்று கேட்கிறதே, அதே கேள்வியை ஒரே வீட்டில் இருக்கிற நாம் ஒருவரை ஒருவர் கேட்கிறோமா? என் பையில் இருக்கிற பத்துப் பெயரை வாசலில் ஒட்டிவிடுகிறேன். தனியாகப் பார்ப்பதானால் அதில் ஒன்றும் தேறாது!

துணைவியார் எழுந்துவிட்டார். வாசலுக்கா? இல்லை... ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நான்கு நாற்காலியையும் தாண்டி ஸஹானா பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். "அவர் சொன்னது ஒரு தப்புன்னா, நீ இல்லேன்னு சொன்னதை நான் நம்பாதது அதைவிடப் பெரிய தப்பு" என்கிறார். கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ எண் சொல்கிறார். ஏழு, மூன்று... அட, பூட்டின் எண்! மெதுவாக அம்மணி, மெதுவாக! நாளை முதல் வைகறை நகரே உன் பெயரில் பார்க்கப்போகிறது!

ஃப்ளாட் சாவி என்னாயிற்று என்று தலைவர் அம்மா கேட்கிறார். "அதை நாளைக்குப் பேசிக்கலாம் ஆன்ட்டி, மொதல்ல ஏழாவது எபிசோடு" என்கிறாள் ஸஹானா. போதும் எனக்கு. இன்றைக்கு அது போதும்.

என்ன ஜெரோம்? கடைசியில் கொலைகாரன் யார் என்கிறீர்களா? எனக்குத் தெரியாது ஐயா! சத்தியமாகத் தெரியாது. அன்று தலைவர் அம்மா வந்தார், போனை மூடினேன், அதன் பிறகு அந்த மூன்று நிமிடத்தைப் பார்க்கிற முகம் எனக்கில்லை. நாளை மூவரோடும் உட்கார்ந்து...

என்னது? துணைவியார் தீர்ப்புச் சொல்கிறார், கேளுங்கள். "ஏழாவதும் எட்டாவதும் எங்களோட உக்காந்து பாக்கலாம்னா. கடைசி மூணு நிமிஷம் மட்டும் உங்களுக்குக் கிடையாது. வாசல்ல நில்லுங்கோ." கைதட்டுகிறீர்களே, மனசாட்சி இருக்கிறதா?

ஏற்கிறேன். தலைவணங்கி ஏற்கிறேன். ஒரு மாதம் கழித்து, ரசத்தைத் தாண்டி என் துணைவியார் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் இது. வாய்ப்பளித்த சங்கத்துக்கும், வாயைத் திறக்க வைத்த ஜெரோமுக்கும், வாய் திறக்காமல் காத்த ஸஹானாவுக்கும் என் நன்றி. நாளை மாலை நான் வாசலில் நிற்பதைப் பார்த்தால் சிரியுங்கள், வணக்கம் சொல்லுங்கள், காப்பி கொடுங்கள். உங்களுக்குக் கோடி புண்ணியம், கொலைகாரன் பெயரை மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள். வணக்கம்!