நாவலுக்கு அழுத கிடார்க்காரர்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவள் மடியில் அட்டை கிழிந்த மாத நாவல் ஒன்று.

“இந்தக் கதையப் படிச்சிட்டு எங்க வீட்டுக்காரரு சோறு திங்காம அழுதாரு, அக்கா.”

“அப்படி என்னட்டி கதை?”

“ராக் பேண்டுல கிடார் வாசிக்கிறவனும் பாடுற பிள்ளையும் லவ் பண்ணுதாங்க. அவ அப்பன் பாடவும் விடல, கட்டிக்கவும் விடல. ஏங்கியே செத்துப்போறா. பாட விடாமக் கொன்னுட்டானே பாவின்னு இவருக்கு ஒரே அழுகை.”

“நீயும் அவரு ட்ரூப்புல பாடினவதான?”

“ஆமா. கிடார் வாசிக்கிறாரேன்னு ஆசப்பட்டுத்தான் கட்டிக்கிட்டேன். தாலி கட்டுன மறுநாளே மைக்கத் தொடக்கூடாதுன்னுட்டாரு.”

“இப்ப எங்க அவரு?”

“மூஞ்சியக் கழுவிட்டு மடவார் வளாகத்துக் கோயில் கச்சேரிக்குப் போயிருக்காரு. புதுசா ஒரு பிள்ள பாடுதாம்.”