வால்டருக்கு உடம்பு சரியில்ல

டார்ச்ச என்கிட்ட குடு தம்பி, நான் பிடிக்கிறேன். வாய்ல கவ்விக்கிட்டு எப்படி வேலை பாப்ப? இந்தக் குளுருக்கு இரும்பு உதட்டுல ஒட்டிக்கும். அப்புறம் இந்த டில்லிங்ஹாம் ஊர்ல டாக்டரைத் தேடி அலையணும். அந்தாளும் பிளேன்லதான் வரணும், அதுவும் மூடுபனி விட்டாத்தான்.

ஆமா, நான்தான் ஈவோன். ஹார்லன் சொல்லியிருப்பானே. முதலாளின்னு பேரு, வாய் மட்டும் சும்மா இருக்காது. என்ன சொன்னான், அந்தக் கிழவன்மேல ஒரு கண்ணு வச்சுக்கோன்னானா? மழுப்பாத, எனக்குத் தெரியும். மீன் சீசன் முடிஞ்சதுல இருந்து, பிளேனைத் தானா ஓட்டுற இந்த ஆட்டோபைலட்டுப் பெட்டி எத்தனை தடவை படுத்துடுச்சு. ஒவ்வொரு தடவையும் ஆங்கரேஜ்ல இருந்து உங்க ஆளு ஒருத்தன் வர்றான், கழட்டுறான், மாட்டுறான், பெட்டி நல்லாத்தானே இருக்குன்னு சொல்லிட்டுப் போயிடுறான். அப்ப சந்தேகம் யார்மேல வரும்? பெட்டி படுத்தா யாருக்கு லாபமோ அவன்மேலதான.

சட்டம் உனக்குத் தெரியாததா. காசு வாங்கி ஜனங்களை ஏத்திக்கிட்டு மேகத்துக்குள்ள போறதுன்னா முன்னாடி ரெண்டு பைலட்டு உக்காரணும். ஒருத்தருக்கு நெஞ்சு வலிச்சா இன்னொருத்தர் இறக்கணும்ல. அதுவரைக்கும் வாஷிங்டன்காரன் நல்லாத்தான் எழுதியிருக்கான். அதோட பேனாவ மூடி வச்சிருக்கலாம். இந்த மாதிரி ஒம்போது பேர் போற சின்ன பிளேன்ல, ஒழுங்கா வேலை செய்யிற ஆட்டோபைலட்டு இருந்தா ரெண்டாவது ஆளு வேணாம்னு ஒரு வரி சேத்துட்டான். அந்த ஒரு வரி என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுடுச்சு. ஆனா பாரு, பெட்டி கெட்டுப்போச்சுன்னா திரும்ப ஒரு மனுசன் வேணும். அந்த மனுசன் நான். பைலட்டு சட்டைய இஸ்திரி போட்டு அதோ அந்த ஆணியில மாட்டி வச்சிருக்கேன் பாரு.

மத்த நாள்ல என்ன பண்றேனா? மூட்டை தூக்குறேன். சோடாப் பெட்டி, நாய்த் தீனி, கொழந்தைங்களுக்குக் கட்டுற டயப்பரு. தூக்கி உள்ள வச்சு வலை போட்டுக் கட்டிட்டு, கதவச் சாத்திட்டு, ஓரமா நின்னு பாப்பேன். மார்லிஸ் கை காட்டிட்டுப் போவா.

பதினோரு வருஷம் தம்பி, அந்த வலது பக்கத்து சீட்டுல நான்தான். மார்லிஸ் கேப்டன், நான் துணை. இறக்கையில ஐஸ் கட்டுதான்னு நான் பாப்பேன், அவ மீட்டர் முள்ளுங்களைப் பாப்பா. காப்பிய நான் ஊத்துவேன். பைலட் பிரெட்டுன்னு ஒரு கெட்டி பிஸ்கட்டு, அதுல வெண்ணெய் தடவி, மேல காஞ்ச சால்மன் மீனு ஒரு துண்டு வச்சுத் தயாரா வச்சிருப்பேன்; அவ கண்ணை எடுக்காமலே கையை நீட்டுவா, அதுல வப்பேன். டோகியாக் மலைக்கிட்ட காத்து தூக்கிப் போடுறப்ப பாட்டு முணுமுணுப்பா. பயந்தாத்தான் முணுமுணுப்பா. அது எனக்கு மட்டுந்தான் தெரியும்.

காதலான்னு கேக்குறியா? கேக்கலையா, சரி, மூஞ்சி கேக்குது. என் பொண்டாட்டி போய்ச் சேந்து ரொம்ப வருஷமாச்சு. இவ மின்னசோட்டாக்காரி, ரெண்டு புருசனைத் துரத்திவிட்டவ. இதுக்கெல்லாம் பேரு வைக்க எனக்குத் தெரியாது. பக்கத்துல உக்காந்திருந்தா போதும், அவ்வளவுதான்.

பேருன்னதும் ஞாபகம் வருது. இந்தப் பெட்டிக்குப் பேரு வச்சா தம்பி. வால்டராம். வந்து ஒரு வாரம்கூட ஆகல. என்னை இத்தனை வருஷமா ஏய்னு கூப்பிட்டவ, ரொம்பச் சந்தோஷமா இருந்தா யோவ்னு கூப்பிடுவா. இதுக்கு வால்டர். ஆபீஸ்ல நின்னு எல்லார்கிட்டயும் சொல்றா, நேத்து மேகத்துக்குள்ள வால்டர் பிடிச்சான் பாருங்க, உயரம் ஒரு இம்மி ஏறல இறங்கலன்னு. என் காதுபடவே சொல்றா. நான் ஓட்டினா கொஞ்சம் ஏறும் இறங்கும், ஒத்துக்குறேன். மனுசன் மூச்சு விடுறான்ல.

எரிஞ்சுச்சு தம்பி. ஆமா, பொறாமைதான், வேற என்ன சொல்றது. இது சாப்பிடாது, குறட்டை விடாது, சொன்ன ஜோக்கையே திரும்பச் சொல்லாது. பயணியா வந்த எவனோ ஒரு பள்ளிக்கூட வாத்தியாரு என் சீட்டுல உக்காந்துக்கிட்டு, என் முழங்காலுக்கு நான் பாத்து வச்சிருந்த சீட்டைப் பின்னாடி தள்ளிட்டு, போட்டோ புடிச்சுக்கிட்டுப் போறான். ஒரு நாளு மூட்டை ஏத்துறப்ப ஆள் யாரும் இல்ல. இந்தப் பெட்டி முன்னாடி நின்னு, எங்க யுப்பிக் பாஷையில, எங்கப்பன் நாயைத் திட்டுற மாதிரி திட்டினேன். பதில் சொல்லல. அதுவும் கடுப்பாத்தான் இருந்துச்சு.

ஊர்ல சும்மா விடுவானுங்களா? ஆவிக்குளியலுக்குப் போனா, சூடான கல்லுமேல தண்ணி ஊத்திக்கிட்டே என் பங்காளி மாக்சி கேக்குறான், ஏன்டா ஈவோன், ஆம்பளை ஒருத்தன் தட்டிக்கிட்டுப் போயிருந்தா போய்ச் சட்டையப் பிடிக்கலாம், தகரடப்பா தட்டிக்கிட்டுப் போனா எங்க பிடிப்பன்னு. எல்லாரும் சிரிக்கிறானுங்க. நானும் சிரிச்சேன். சூடு தாங்கலன்னு சொல்லிட்டு வெளிய வந்துட்டேன்.

அதனாலதான் பெட்டி படுக்கிற அன்னிக்கு எனக்குத் திருவிழா. ஆபீஸ்ல இருந்து, வால்டருக்கு உடம்பு சரியில்ல, சட்டையப் போடுய்யான்னு அவ குரல் வரும். மூட்டை அப்படியே கிடக்கும், நான் மேல இருப்பேன். ஹார்லன் பாத்துக்கிட்டுத்தான் இருந்தான். நேத்து மூஞ்சிக்கு நேரா கேட்டுட்டான், நீதான் புடுங்குறியான்னு. இல்லன்னேன். அவன் நம்பல, நேத்தே உன்னை வரவழைச்சு வச்சுட்டான். நானா இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

இல்ல இல்ல, அங்க தேடாத. இன்னும் உள்ள போ. இடது பக்கம், கருப்புக் குழாய்க்குப் பின்னால ஒரு ஒயர் செருகு இருக்கு பாரு, பாதி வெளிய வந்த மாதிரி. கிடைச்சுதா? அதேதான். தானா கழண்டதில்ல, நீயே பாத்தா சொல்லிடுவ. தொடாத, அப்படியே வையி, நான் சொல்றத முழுசாக் கேளு.

இன்னிக்குக் காலைல நான் சீக்கிரம் வந்தேன். அவளுக்குக் காஞ்ச மீனு கொஞ்சம் கொண்டாந்தேன், ஆபீஸ்ல குடுத்தா எல்லாரும் பிச்சுக்குவானுங்கன்னு. உள்ள வந்தா, நீ இப்ப மல்லாக்கப் படுத்துக்கிட்டிருக்கியே, அதே இடத்துல ரெண்டு காலு வெளிய நீட்டிக்கிட்டிருக்கு. அந்த பூட்ஸு யாருதுன்னு எனக்குத் தெரியாதா? இடது குதிங்கால் தேஞ்சிருக்கும். எண்ணெய் பீப்பாய்க்குப் பின்னால ஒதுங்கிட்டேன். மார்லிஸ் எழுந்திரிச்சா, கையத் தொடைச்சா, மூடிய மாட்டினா, நாலு பக்கமும் பாத்தா, போயிட்டா. கொஞ்ச நேரத்துல ஆபீஸ் ஜன்னல்ல இருந்து சத்தம், வால்டருக்கு உடம்பு சரியில்ல, ஈவோனைக் கூப்பிடுங்கன்னு.

அவ ஏன் பண்றான்னு நான் கேக்கல, கேக்கவும் மாட்டேன். மூட்டை தூக்குற கூலில கிழவன் என்ன சாப்பிடுவான்னு இரக்கப்பட்டாளோ என்னவோ. இல்ல மலைக்கிட்ட வால்டரும் அவளும் மட்டும் இருக்கிறப்ப பயமோ. இல்ல வேற ஏதாவதோ. மூணாவதுதான்னு நெனச்சுக்கிட்டு மீனைக் கையில பிடிச்சுக்கிட்டு நின்னேன் தம்பி, இந்த வயசுல, முட்டாள் மாதிரி.

இப்ப நீ என்ன பண்ணுவ? உன் வேலை, கண்டதை எழுதித்தான் ஆகணும். ஜனங்களை ஏத்திக்கிட்டுப் போற பிளேன்ல கேப்டனே கை வச்சதா எழுதினா, அவ லைசென்ஸ் போயிடும். அவளுக்கு இதத் தவிர ஒண்ணும் தெரியாது, ஒரு முட்டை வேகவைக்கத் தெரியாது. நான் அப்படியா? மார்ச்சுல கண்ணு டாக்டரு, இவன் இன்னும் பறக்கலாம்னு எப்படியும் எனக்குக் கையெழுத்துப் போட மாட்டான். அந்த சீட்டு என்கிட்ட இருந்து போறது போறதுதான். சீக்கிரமாப் போகட்டும்.

அதனால நான்தான் புடுங்கினேன்னு எழுது. ஹார்லன் உடனே நம்பிடுவான், ஊரும் நம்பும். ஒண்ணே ஒண்ணு மட்டும் செய்யி. இப்ப மூடிடு, பெட்டி ரிப்பேர்லயே இருக்கட்டும். ரெண்டு பைலட்டு இருந்தா இது இல்லாமப் பறக்கலாம்ல. டோகியாக் ஊருக்கு ஒரு தடவை போயிட்டு வந்துடுறோம். சாயங்காலம் மாட்டிக்கோ, சாயங்காலமே எழுதிக்கோ.

அதோ கூப்பிடுறா. டார்ச்சப் பிடி, நான் சட்டைய மாத்தணும்.

என்ன, உன் ரிப்போர்ட்டுல காரணம்னு ஒரு இடம் இருக்கா? பொறாமைன்னு எழுது தம்பி. அதுல ஒண்ணும் பொய் இல்ல.