சமையல்கட்டுக்கு ஒரு மைக்

சாந்தகுமாரி: ...பாத்ரூம்லயுமா?

உத்தமன்: இன்னா சொன்ன?

சாந்தகுமாரி: பாத்ரூம்லயுமா ஸ்பீக்கர்னு கேட்டேன்.

உத்தமன்: ஆமா. நம்ம புது வீட்ல எந்த மூலையில நின்னாலும் பாட்டு கேக்கணும்.

சாந்தகுமாரி: ஹால்ல ரெண்டு, பெட்ரூம்ல ஒண்ணு, மாடியில பையன் ரூம்ல ஒண்ணு, பாத்ரூம்ல ஒண்ணு... இது வீடா, கல்யாண மண்டபமா?

கோவிந்தப்பா: ஏனம்மா? நான் ஏணி மேல இருக்கேன், சரியா கேக்கல்ல.

சாந்தகுமாரி: உன்னைச் சொல்லலப்பா. தொண்டை கட்டிக்கினு இருக்குது, அதான். நீ ஒயரிங் வேலையப் பாரு.

கோவிந்தப்பா: வேலை பார்க்கத்தான் கேக்கறேன். நாளைக்கு நாணு மேஸ்திரி சுவர் பூச வந்துடுவாரு. ஒயர் போற பைப்பெல்லாம் இன்னிக்கே சுவருக்குள்ள போயிடணும். பூசினப்புறம் வந்து 'கோவிந்தப்பா, இங்க ஒரு ஓட்டை போடு'ன்னு சொன்னீங்கன்னா, மேஸ்திரி எனக்கு ஓட்டை போட்டுடுவாரு.

சாந்தகுமாரி: சரி, பாட்டுப் பெட்டி ஒண்ணுதானே வாங்கறாரு இவரு? அது எப்படி எல்லா ரூம்லயும் பாடும்?

கோவிந்தப்பா: பெட்டி ஹால்ல இருக்கும். அங்கேயிருந்து ரூம் ரூமுக்கு ஒயர் போகும். மொட்டைமாடி தண்ணி டாங்கி மாதிரின்னு வச்சுக்கோங்க. டாங்கில இன்னா இருக்கோ, அதான் எல்லா குழாயிலயும் வரும்.

சாந்தகுமாரி: அப்ப இவரு ஹால்ல நியூஸ் போட்டா?

கோவிந்தப்பா: பாத்ரூம்லயும் நியூஸ்தான்.

சாந்தகுமாரி: நல்லாருக்குது போ. தலை நிறைய சீயக்காய வச்சிக்கினு நான் காவேரித் தண்ணி தகராறு கேக்கணும்.

உத்தமன்: அதுக்குத்தான் ரூமுக்கு ஒரு திருகு வைக்கச் சொல்லியிருக்கேன். வேணாம்னா திருகி மூடிக்கோ.

சாந்தகுமாரி: உங்களுக்கும் ஒரு திருகு வைக்கச் சொன்னீங்களா?

உத்தமன்: இன்னா?

சாந்தகுமாரி: ஒண்ணுமில்ல.

கோவிந்தப்பா: இது எனக்குக் கேட்டுச்சு ஸார்.

உத்தமன்: உன்னை யாரு கேட்டா? பைப்ப வெட்டு.

சாந்தகுமாரி: சித்தார்த் புனேல இருந்து போன் பண்ணப்ப இன்னா சொன்னான்? 'ஹால்ல ஒரு டிவி, ரெண்டு ஸ்பீக்கர் போதும்பா, நீங்க இருக்கறது ரெண்டே பேரு'ன்னு சொன்னானா இல்லையா?

உத்தமன்: அவனுக்கு இன்னா தெரியும்? கோலார்ல தங்கச் சுரங்கத்து லைன் வீட்ல இருந்தப்ப நாம ரேடியோ வச்சிருந்தோமா?

சாந்தகுமாரி: எதுக்கு? பக்கத்து வீட்டு ரோஸியோட ரேடியோதான் சுவரைத் தாண்டி வந்து நம்ம வீட்ல பாடுமே. பாட்டு புடிக்கலன்னா சுவரைத் தட்டுவேன், ஸ்டேஷன மாத்துவா.

உத்தமன்: அதான் சொல்றேன். அப்புறம் சுரங்கம் மூடி, ஈஜிபுராவுக்கு வந்தோம். அது ஒத்த ரூமு. நீ புரண்டு படுத்தாகூட எனக்குக் கேக்கும். இங்க ஆனேக்கல் பக்கத்துல இவ்ளோ பெரிசா கட்டிட்டோம். நீ ஒரு மூலை, நான் ஒரு மூலை... வெறிச்சுன்னு இருக்காதா?

சாந்தகுமாரி: நாலு சுவரு பெரிசா ஆனா வெறிச்சுன்னு ஆயிடுமா... சரி, போட்டுக்கோங்க. பாத்ரூம் மட்டும் வேணாம்.

உத்தமன்: பாத்ரூம விட்டுடறேன். நீ சொன்னா சரி.

சாந்தகுமாரி: இவ்ளோ சீக்கிரம் விட்டுக் குடுக்கற ஆளு இல்லையே நீங்க.

கோவிந்தப்பா: ஸார், பாத்ரூம் பேடா, வேணாம்னா அந்தப் பைப் மிச்சம். சமையல்கட்டு மைக்குக்கு அதையே போட்டுடவா?

சாந்தகுமாரி: எந்த மைக்கு?

கோவிந்தப்பா: ஸார்... அம்மாகிட்ட சொல்லல்லையா?

உத்தமன்: சொல்லலாம்னுதான் இருந்தேன்.

சாந்தகுமாரி: எப்ப? சுவர் பூசினப்புறமா? சமையல்கட்டுல எதுக்குங்க மைக்கு? ரசம் கொதிக்கறத ஊருக்கு ஒலிபரப்பவா?

உத்தமன்: ஒரு சின்ன மைக்குதான். அடுப்புக்குப் பக்கத்துல ஒரு சுவிட்சு. நீ அழுத்திப் பேசினா பாட்டு நின்னு, உன் குரல் எல்லா ஸ்பீக்கர்லயும் வரும். நான் மாடியில இருந்தாலும் கேக்கும். வேற இன்னா பண்ணச் சொல்ற? எனக்குத்தான் காது போயிடுச்சே.

கோவிந்தப்பா: காது போச்சா? சுரங்கத்துல நீங்க இன்ஜின் ஓட்டினதா மேஸ்திரி சொன்னாரே?

சாந்தகுமாரி: அதையேன் கேக்கற. ஆளுங்களப் பாதாளத்துக்கு எறக்கற கூண்டு இருக்குதே, அதை ஏத்தி எறக்கற இன்ஜினு. கீழ இருக்கறவன் மணி அடிப்பான், இவரு மேல இருந்து எண்ணிக் கேட்டு ஓட்டணும். ஆளையும் பார்க்க முடியாது, கூண்டையும் பார்க்க முடியாது. காதுதான்.

உத்தமன்: ஒண்ணு அடிச்சா நிறுத்து. ரெண்டு அடிச்சா எறக்கு. மூணு அடிச்சா ஆளு ஏறுது, பார்த்து ஓட்டு. ஒரு மணி தப்பாக் கேட்டா உசுரு போயிடும்.

சாந்தகுமாரி: ஒரு தடவைகூடத் தப்பாக் கேட்டதில்ல இவரு. அந்தக் காதத்தான் போன மாசம் டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்து, மந்தமாயிடுச்சின்னு சொல்றாரு.

உத்தமன்: வயசாச்சில்ல. நீ நாலு தடவ கூப்பிட்டாத்தான் ஒரு தடவ கேக்குது. அதுக்குத்தான் மைக்கு.

சாந்தகுமாரி: எனக்கு வேணாங்க.

உத்தமன்: ஏன்?

சாந்தகுமாரி: கூச்சமா இருக்கும். கரண்டிய ஒரு கையில, மைக்க ஒரு கையில புடிச்சிக்கினு... 'அன்பார்ந்த வீட்டுக்காரரே, தோசை ரெடி'ன்னு சொல்லணுமா?

உத்தமன்: சொல்லேன். கேக்க நல்லாத்தான் இருக்கும்.

சாந்தகுமாரி: கோவிந்தப்பா, அந்தப் பைப்ப விட்டுடு.

உத்தமன்: கோவிந்தப்பா, நீ போடு.

கோவிந்தப்பா: போடவா, பேடாவா? ஏணில நடுவுல நிக்கறவன் நானு.

சாந்தகுமாரி: இரு, இரு. எனக்கு ஒண்ணு தோணுது. மைக்குக்குப் பதிலா மணி போட்டா இன்னா? சமையல்கட்டுல ஒரு பித்தான். அழுத்தினா வீடு பூரா அடிக்கட்டும். ஒண்ணு அடிச்சா, செய்யற வேலைய நிறுத்துங்க. ரெண்டு அடிச்சா, மாடியில இருந்து எறங்குங்க. மூணு அடிச்சா, சாப்பிட வாங்க.

கோவிந்தப்பா: ஆஹா. அது சுலபம் ஸார். ஒரே ஒயரு. மத்தியானத்துக்குள்ள முடிச்சிடுவேன்.

சாந்தகுமாரி: பாத்தீங்களா? உங்களுக்கும் புடிச்ச விஷயம். இன்ஜின் ரூம விட்டு வந்த ஏக்கமும் தீரும்.

உத்தமன்: மணி வேணாம்.

சாந்தகுமாரி: ஏங்க?

உத்தமன்: வேணாம்னா வேணாம். மைக்குதான்.

கோவிந்தப்பா: ஸார், மணிக்கும் மைக்குக்கும் பைப் ஒண்ணேதான், ஆனா சுவர்ல பதிக்கற பொட்டி வேற. சைஸ் தெரியாம நான் சுவர வெட்ட முடியாது. நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க. கீழ போயி ஒரு டீ குடிச்சிட்டு வரேன்.

உத்தமன்: போயிட்டு வா. மைக்கு பொட்டிய எடுத்துக்கினே வா.

சாந்தகுமாரி: எதையும் எடுக்காத, சும்மா வா.

கோவிந்தப்பா: ரெண்டு டீ குடிச்சிட்டு வரேன்.

உத்தமன்: ...போயிட்டானா?

சாந்தகுமாரி: போயிட்டான். இப்ப சொல்லுங்க. மணின்னா உங்களுக்கு உசுராச்சே. தூக்கத்துலகூட எண்ணுவீங்க. ஏன் வேணாம்?

உத்தமன்: மணி யாரு அடிச்சாலும் ஒரே சத்தம்தான் சாந்தா.

சாந்தகுமாரி: அதனால?

உத்தமன்: அத்தினி வருஷம் அத்தினி பேர ஏத்தி எறக்கினேன். கூண்டுல யாரு நிக்கறான்னு ஒரு நாளும் எனக்குத் தெரிஞ்சதில்ல. மூணு அடிச்சா ஆளு. அவ்ளோதான். எந்த ஆளுன்னு மணி சொல்லாது. உங்கண்ணன் ஏறினாலும் மூணுதான், ஊரு பேரு தெரியாதவன் ஏறினாலும் மூணுதான். வீட்லயும் எனக்கு அப்படி வேணாம். நீ கூப்பிட்டா, கூப்பிடறது நீதான்னு கேக்கணும்.

சாந்தகுமாரி: கூப்பிடறதுக்குக் குரலே இல்லன்னா?

உத்தமன்: ம்?

சாந்தகுமாரி: அந்த சிமெண்ட் மூட்டை மேல உக்காருங்க. ஒண்ணு சொல்லணும். பதறக் கூடாது.

உத்தமன்: உக்காந்துட்டேன். நீயும் உக்காரு.

சாந்தகுமாரி: உங்க காதுல ஒரு கோளாறும் இல்லங்க. அந்த டாக்டரு இன்னா பார்த்தாரோ... எனக்குத்தான் குரல் எறங்கிப்போச்சு. ஜலதோஷமெல்லாம் இல்ல. ரோஸியக் கூட்டிக்கினு ஆஸ்பத்திரிக்குப் போனேன். குரல் வர்ற எடத்துல சதை வளந்திருக்குதாம். ஆபரேஷன் பண்ணிப் பார்க்கலாம்னாங்க. அதுவரைக்கும் கத்தக் கூடாதாம். குடி வந்தப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன். நீங்க வீடு வீடுன்னு இவ்ளோ சந்தோஷமா இருந்தீங்க... நடுவுல நீங்களாவே காது போச்சுன்னீங்க. நானும் சரின்னு விட்டுட்டேன். அந்தக் காதப் பத்தி உங்களுக்கு எவ்ளோ பெருமை. கோவமா?

உத்தமன்: கத்தக் கூடாதுன்னாங்களா, பேசவே கூடாதுன்னாங்களா?

சாந்தகுமாரி: மெல்லப் பேசலாம்.

உத்தமன்: மைக்குல மெல்லப் பேசினாப் போதும். நீ அடுப்பாண்ட நின்னு முணுமுணுத்தா எனக்கு மாடியில கேக்கும். கடைக்காரன்கிட்ட அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டேன். கிசுகிசுன்னு பேசினாலும் எடுக்கறதா குடுன்னு.

சாந்தகுமாரி: காது போனவருக்கு எதுக்குங்க கிசுகிசுன்னு பேசறத எடுக்கற மைக்கு? ...இருங்க. போன மாசம் அந்தக் காது டாக்டரு உங்ககிட்ட நெசமாவே இன்னா சொன்னாரு?

உத்தமன்: இந்த வயசுல இப்படி ஒரு காதான்னு சிரிச்சாரு சாந்தா. எறங்கினது உன் குரல்தான்னு எனக்கு அன்னிக்கே தெரிஞ்சிபோச்சு. நீயா சொல்ற வரைக்கும், போனது என் காதாவே இருந்துட்டுப் போகட்டும்னு விட்டேன்.