பதினேழு எடத்துல ஜெயபாண்டி

கொர்ருன்னு ஆரம்பிச்சு, டிக்கு டிக்குன்னு வரும் பாத்துக்க, மொத சர்வர் கம்ப்யூட்டரோட சத்தம். மொறத்துல கோழி கொத்துற மாதிரி. இருவத்திரெண்டு வருசமாச்சு, இன்னும் காதுக்குள்ள கெடக்கு. காப்பி ஆறுது, குடிம்மா நாகஜோதி.

ஆமா, உங்க ஆஸ்பத்திரி புரோகிராம் நான் எழுதுனதுதேன். காலையில மொத சர்வர் செத்ததும் பதிலுக்கு வச்ச ரெண்டாவது எந்திரிச்சிருச்சுல்ல? டேட்டாபேஸ் அம்புட்டும் அதுல பத்திரமாத்தான இருக்கு? அப்பறமும் டோக்கன் வரல, சனம் வெயில்ல நிக்குதுன்னா, அது என் தப்பு தாயி.

ரெண்டு சர்வருக்கும் சேத்து ஒரு பொதுப்பேரு இருக்கும். புரோகிராம் அதத்தான் கூப்பிடணும். வாசல்ல நின்னு வீட்ல யாருன்னு கேட்டா, இருக்கவுக வருவாகள்ல, அப்பிடி. நான் மொத சர்வருக்கு எம்மகன் பேர வச்சு, அதையே நேரா எழுதிப்புட்டேன். சர்வர் செத்தாலும் புரோகிராம் ஜெயபாண்டி, ஜெயபாண்டின்னு அதையேதான் கூப்பிட்டுக்கிட்டுக் கெடக்கும். பக்கத்துல இன்னொண்ணு முழிச்சு நிக்கிறது அதுக்குத் தெரியாது.

ரெண்டாவதுக்கு என்ன பேரா? மீனா. எம்மக பேரு. சிரிக்காத.

உங்க ஆஸ்பத்திரியில கம்ப்யூட்டர் பாக்குற செல்வக்குமார் போன் லைன்ல இருக்காரா? சொல்லு. அந்தப் பேரு டோக்கன்ல நாலு எடம், லேப்ல ஆறு, மருந்துச்சீட்டுல ஆறு. பதினாறாச்சா? இன்னொண்ணு பிரிண்டர் பக்கம் ஒளிஞ்சிருக்கும், தேடச் சொல்லு. எல்லாத்துலயும் ஜெயபாண்டிய எடுத்துட்டுப் பொதுப்பேரப் போடட்டும்.

இம்புட்டு தெரிஞ்சும் ஏன் மாத்தலையா?

மாத்த ஒக்காந்தேம்மா. அவன் ரிங் ரோட்டுல லாரியில அடிபட்டுப் போயி அப்ப ஒரு மாசம். மொத எடத்துல அழிச்சேன். திரும்ப அடிச்சு வச்சுட்டு எந்திரிச்சுட்டேன். கை வரல.

அந்தச் செவுத்துப் படம் அவன்தேன். மீனா படமா? அவதான் உசுரோட இருக்காளேன்னு மாட்டல.

அன்னைக்கு என்னயத் தாங்கிப் பிடிச்சது அவ. சோறு ஊட்டுனது அவ. எதுன்னாலும் ஜெயா, இங்க வாடாம்பேன். நான் மீனா, அம்மான்னு வந்து நிப்பா. ஒரு வருசம். கூப்பிட்டப்பெல்லாம் அவதேன் வந்தா. ஒருநா, நான் ஒருத்தி இருக்கேன்ல, எம்பேர ஒருக்கா சொல்லும்மான்னா. சொல்றேன் ஜெயான்னேன்.

என்னது, டோக்கன் வந்துருச்சாமா? நல்லது. நெழல்ல ஒக்காரச் சொல்லு அவுகள.

மீனாவா? இந்தா, அவனியாபுரத்துலதேன் இருக்கா. ஷேர் ஆட்டோவுல இருவது நிமிசம். இந்த வீட்டுக்கு வந்து ஆறு வருசமாச்சு.