மல்லிகையும் பக்கத்து வளவும்

வெள்ளைப் பூக்களை முகர்வதற்கு மாலை ஆறு மணிதான் நல்ல நேரம், இன்ஸ்பெக்டர் ஐயா. மத்தியானத்தில் மல்லிகை வாயே திறக்காது. அரசாங்கக் கச்சேரியில் முப்பது வருடம் எழுதுவினைஞராக இருந்து இளைப்பாறிய எனக்கு அந்த அரை மணித்தியாலம்தான் சந்தோஷம்.

நல்லூரில் என்னைப் போல மூக்கு யாருக்கும் இல்லை என்பார்கள். நான் மறுப்பதில்லை. கொழும்பிலேயே நல்ல சென்ட் கிடைக்காத இந்த எழுபத்துநாலாம் ஆண்டில், லண்டனிலிருந்து மகன் கொண்டுவந்த பிரெஞ்சு மல்லிகைச் சென்ட் ஒரு போத்தல் என்னிடம் இருக்கிறது. கைக்குட்டையில் ஒரு சொட்டு விட்டு, என் பந்தலில் பூத்ததோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். முல்லை கூச்சக்காரி, சம்பங்கி வாயாடி. மல்லிகையில் மட்டும் இனிப்புக்கு அடியில் அழுகலின் சாயல் ஒன்று கிடக்கும். அது இல்லாவிட்டால் வெறும் சீனித்தண்ணீர்.

தை மாதம் பக்கத்து வளவுக் கொட்டிலுக்குத் தங்கமுத்து குடிவந்தாள். கொழும்புத்துறை மீனைச் சந்தையில் விற்கிறவள். வைகாசியில் என் மல்லிகை பிரெஞ்சுக்காரனைத் தோற்கடித்தது. எனக்கு உச்சி குளிர்ந்தது. ஆனால் அதே மாதம் ஆறு மணிக்கு மீன் வெடுக்கும் கூடவே வந்தது.

வேலியடியில் நின்று மரியாதையாகத்தான் கேட்டேன். அவள் என் பக்கத்தில் நின்ற மனைவி மகாதேவியை ஒரு தரம் பார்த்தாள்.

"நான் வீட்டுக்கு மீன் கொண்டு வாறேல்லை ஐயா. எனக்கு உங்கடை மல்லிகைதான் மணக்குது."

"அப்ப உந்த மீன்?"

"அதுவும் மணக்குதுதான். எனக்கு ரெண்டும் மணந்தானே."

வெடுக்கு என்று தனிச்சொல் இருக்க, மீனையும் மல்லிகையையும் ஒரே சொல்லில் அடக்கினாள். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சாதிக்காகச் செய்தேன் என்று ஊர் கதைக்கிறது. அபாண்டம். நான் சமபந்திப் போசனத்தில் இருந்து சாப்பிட்டவன். வீட்டுக்கு வந்து கிணற்றடியில் தலை தோய்ந்தது வேறு விஷயம்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் கச்சான் காற்று அவள் பக்கமாக வீசியது. மண்ணெண்ணெய் பாவிக்கவில்லை, அது மூன்று நாளைக்கு விரலை விட்டுப் போகாது. கிடுகுக் கூரை பற்றக் கற்பூரம் போதும். உள்ளே ஆளில்லை என்று நினைத்ததாகச் சொல்லும்படி எனக்காக வழக்குப் பேசும் அப்புக்காத்து கேட்கிறார். எனக்குப் பொய் வராது. அவள் நித்திரை, குறட்டை கேட்டது. அதனால்தான் கதவை வெளியே கொக்கி போட்டுக் கொழுவினேன்.

செத்தவீட்டுக்கு என் பந்தல் பூவில்தான் மாலை கட்டி அனுப்பினேன்.

எட்டாம் நாள் ஆறு மணிக்குப் பந்தலடிக்குப் போனேன். அதே வெடுக்கு. மகாதேவியைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவள் பந்தலடி மண்ணைக் காட்டினாள்.

"அது நான் மல்லிகையடியிலை புதைச்ச மீன்தலையப்பா. பூக்கட்டும் எண்டு தங்கமுத்துவிட்டைக் கேட்டு வாங்கினனான். நீங்கள் சைவம், உங்களுக்குச் சொல்லாதை எண்டனான். அவள் கடைசிவரைக்கும் சொல்லேல்லை."

மகாதேவி இன்னும் அழுகிறாள். எனக்கும் கவலைதான், ஐயா. பந்தலுக்கு மறுபடி எருப் போட வேண்டிய நேரம். கொழும்புத்துறைப் பக்கத்தில் மீன்தலை தரக்கூடிய, வாயை அடக்கத் தெரிந்த ஆள் வேறு யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?