ஆக்னல் ஐயா ஒத்துக்கொண்ட டிரா

மேடையில் அமர்ந்திருக்கும் பங்குத்தந்தை அவர்களே, கொடைக்கானல் சதுரங்கக் கழகத்தின் தலைவர் அவர்களே, ஆக்னல் ஐயாவின் துணைவியார் ரெஜினா அக்கா அவர்களே, ஐயாவுக்கு அஞ்சலி செலுத்த இந்த மழையிலும் வந்து கூடியிருக்கும் பெரியோர்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம். நான் விசாலாட்சி. பூம்பாறையில் பூண்டு விவசாயம் செய்கிறவள்.

இயற்பியல் ஆசிரியர், நம் கழகத்தின் செயலாளர் ஆக்னல் ஐயா அவர்களை நான் முதன்முதலில் சந்தித்தது எதிராளியாகத்தான். திண்டுக்கல்லில் ஒரு போட்டி, கடைசிச் சுற்று. ஜெயித்தால் கோப்பை அவருக்கு. அந்த ஆட்டத்தை அவர் எப்படித் தொடங்கினார் தெரியுமா? ராஜா பக்கத்துக் குதிரைக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினார். தன் ராஜாவின் காவலைத் தானே திறந்துவிடும் ஆரம்பம் அது. பக்கத்து மேசைக்காரர் சிரித்தே விட்டார். இவர் ஆட வந்தாரா, வம்புக்கு வந்தாரா என்றுதான் எனக்கும் தோன்றியது.

ஆனால் என்னால் உள்ளே நுழைய முடியவில்லை. யோசித்து யோசித்தே என் நேரம் கரைந்தது. கடிகாரத்தில் சில நொடிகளே மிச்சமிருக்க, ஒரு காயை நகர்த்திவிட்டு "டிரா?" என்று கேட்டேன். மறுத்திருந்தால் நேரம் தீர்ந்தே தோற்றிருப்பேன். அவர் பலகையைப் பார்த்தார், கையை நீட்டினார். கோப்பை அரைப் புள்ளியில் வேறொருவருக்குப் போனது.

"ஏன் சார் ஒத்துக்கிட்டீங்க?" என்றேன்.

"கடிகாரத்தால ஜெயிச்சு எனக்கு என்னம்மா தெரியப் போகுது? இந்த ஆரம்பம் தோத்துரும்னு எல்லாரும் சொல்றாங்க. நெசந்தானான்னு பாக்கத்தான் வந்தேன். இப்ப சமமாத்தானே கெடக்கு? வாங்க, மறுபடி அடுக்குவோம்."

எங்கள் முதுகுக்குப் பின்னால் பரிசளிப்பு விழா நடந்தது. நாங்கள் இருவரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கொடைக்கானல் பேருந்தையும் தவறவிட்டோம். ரெஜினா அக்கா போனில், "கோப்பை கெடச்சுச்சாங்க?" என்று கேட்க, "இல்ல ரெஜி, ஒரு சந்தேகம் கெடச்சிருக்கு" என்றார் ஐயா. அக்கா இப்போதும் சிரிக்கிறார், பாருங்கள்.

அந்தச் சந்தேகத்துக்காகவே மறு ஞாயிறு கழகத்துக்கு வந்தேன். பிறகு வராத ஞாயிறு அபூர்வம். சென்ற வாரம் மருத்துவமனையில் அவரைப் பார்த்தபோதும், நலம் விசாரிக்க விடவில்லை.

"அன்னைக்கு திண்டுக்கல்ல அந்தக் குதிரைய வெரசா வெளிய எடுத்திருந்தா என்னாகியிருக்கும்?"

"தெரியலையே சார்."

"எனக்கும் தெரியல" என்றார். அதை எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னார்!

அன்பானவர்களே, வரும் ஞாயிறும் கழகம் திறந்திருக்கும். வெள்ளைக் காய்களோடு நான் உட்காருவேன், அதே சிப்பாயைத் தள்ளுவேன். அது தோற்கும் என்று நினைக்கிறவர்கள் எதிரே வந்து அமருங்கள். தோற்றால் தோற்கட்டும். ஏன் தோற்றது என்று தெரியாமல் நாங்கள் எழுந்திருக்க மாட்டோம்.