டிவி சத்தத்தைக் கூட்டிய லைன்

வீரபாண்டி. லைன் வீடு. சனிக்கிழமை, விளக்கு வைக்கும் நேரம்.

பாத்திரம் விழுகிறது. சுவர் அதிர்கிறது. செல்வி அலறுகிறாள். "அண்ணே! காப்பாத்துங்கண்ணே!"

அந்த அண்ணன் நான்தான். ஒரே சுவர்தான் நடுவில். ரிமோட்டை எடுக்கிறேன். டிவி சத்தத்தைக் கூட்டுகிறேன். எதிர் வீட்டிலும் கூட்டுகிறார்கள். எங்கள் லைனில் அதுதான் பழக்கம். புருஷன் பெண்டாட்டி சண்டையில் அடுத்தவன் நுழையக் கூடாது. மரியாதையாம். தூ!

அடிப்பவன் அவள் புருஷன் குமார். கம்பெனியில் எனக்குப் பக்கத்து மிஷின். அன்று மதியம் அவன் தைத்த பனியனை சூப்பர்வைசர் அவன் மூஞ்சியிலேயே வீசினார். "திங்கக்கிழமை சேலை கட்டீட்டு வாடா" என்றார். எல்லோரும் சிரித்தோம். நான் கொஞ்சம் கூடவே சிரித்தேன். குமார் குனிந்தபடி தைத்தான். கை ஓங்கவில்லை. அங்கே ஓங்கினால் வேலை போகும். வீட்டில் ஓங்கினால் எதுவும் போகாது. அவனுக்கு அது தெரியும். தெரிய வைத்தவர்கள் நாங்கள்.

"வயித்துல மிதிக்காதீக! வயித்துல வேணாம்!"

கேட்டது. டிவியையும் தாண்டிக் கேட்டது.

யாரோ ஓடி வருகிறார்கள். கடைசி வீட்டுக்குப் புதிதாக வந்த பீகார்க்காரன். பாவம், எங்கள் பழக்கம் அவனுக்குத் தெரியாது. கதவைத் திறக்கச் சொல்லித் தடதடவென்று தட்டுகிறான். "தர்வாஜா கோலோ! கோலோ!"

அடி நின்றது. குமார் கதவைத் திறந்தான். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றான்.

ஐயோ, கதவைத் தட்டினால் போதும். இத்தனை நாளும் அது போதுமாயிருந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். "எப்பிடி இருக்கற கண்ணு?" என்றேன். செல்வி என்னையே பார்த்தாள். "நீங்க பாத்த படம் முடிஞ்சிருச்சாண்ணே?"

இப்போது லைனில் எங்கே குரல் உயர்ந்தாலும் தட்டுகிறோம். உறைமோர் கேட்டாவது தட்டுகிறோம். கம்பெனியில் எவனையாவது சூப்பர்வைசர் கேவலமாகப் பேசினால் மிஷினை நிறுத்துகிறோம். நன்றாகத்தான் இருக்கிறது. செல்விக்கு என்ன பிரயோசனம்?

போனதைச் சொல்கிறேன். செல்வியின் இடது காது. அவள் வயிற்றிலிருந்த பெண் குழந்தை. குமார் ஜெயிலில். அவள் ராமநாதபுரம் பக்கம் தன் அம்மா வீட்டில். பக்கத்து வீடு பூட்டிக் கிடக்கிறது.

போலீஸ் விசாரித்தபோது, நான் யார் மேலும் கை வைக்கவில்லைங்க என்றேன். அப்படியே எழுதிக்கொண்டார்கள்.